நூற்று வீதக் கணக்கு: கடன் வாங்குவோர் அறிய வேண்டுவது

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் வழியிலுள்ள ஆமத்தூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வட்டியைச் சொல்லும் முறை இரண்டு. தனியாரில் வட்டிக்குக் கொடுப்பவர் "இரண்டு வட்டி" என்பார். சங்கத்தின் கடன் பத்திரத்திலோ "ஆண்டுக்கு நூற்றுக்கு 12" என எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இவ்விரண்டையும் காதால் மட்டும் ஒப்பிடும் அங்கத்தினர், இரண்டு சிறிது, பன்னிரண்டு பெரிது என்று கருதிச் சங்கத்தின் படியேறாமலே போய்விடக்கூடும். உண்மையில் இரண்டு வட்டி என்பது மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு, ஆண்டுக்கு 24. 10,000 ரூபாயை ஓராண்டு வைத்திருந்தால் சங்கத்துக்கு 1,200 ரூபாயும் தனியாருக்கு 2,400 ரூபாயும் வட்டியாகும். கரிசல் நிலத்தில் மழையை நம்பிப் பருத்தி விதைப்பவருக்கு இந்த வித்தியாசம் சிறு தொகையன்று.

சதம் என்றால் நூறு. நூற்றுக்கு இத்தனை என்று சொல்வதே சதவிகிதம். எந்தத் தொகையானாலும், அதன் நூற்றிலொரு பங்கை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி இரண்டு இலக்கங்களுக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் அது கிடைத்துவிடும். 7,350 ரூபாய்க்கு நூற்றுக்கு ஒன்று 73.50 ரூபாய். நூற்றுக்குப் பத்து 735. நூற்றுக்கு இரண்டு 147. இரண்டையும் கூட்டினால் நூற்றுக்குப் பன்னிரண்டு, 882 ரூபாய். பழைய வாய்பாடு தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். நூற்றுக்கு 25 என்பது கால்; 12½ என்பது அரைக்கால்; 6¼ என்பது வீசம்.

அடுத்தபடி கவனிக்க வேண்டுவது, அந்த நூறு எதனுடைய நூறு என்பது. சிவகாசிப் பட்டாசு விலைப்பட்டியல்களில் நூற்றுக்கு 80 தள்ளுபடி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை அனைவரும் பார்த்திருப்பர். பட்டியலில் 1,000 ரூபாய் என்று எழுதி நூற்றுக்கு 80 தள்ளினாலும், 400 ரூபாய் என்று எழுதி நூற்றுக்கு 50 தள்ளினாலும், கொடுப்பது 200 ரூபாய்தான். தள்ளுபடி பெரிதென்று மகிழ்வதில் பயனில்லை. கொடுக்கும் பணத்தையே பார்க்க வேண்டும். நூற்றுக்கு 50 தள்ளி, மேலும் 20 தள்ளுவதாகச் சொன்னால் அது 70 ஆகாது. நூறு ரூபாய் முதலில் ஐம்பதாகும். அந்த ஐம்பதிலேதான் இருபது வீதம், அதாவது பத்து ரூபாய், கழியும். ஆகத் தள்ளுபடி 60.

வட்டிக்கு வருவோம். மாதக் கணக்கில் வட்டி பேசும் வழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. அணாவும் பையும் வழங்கிய காலத்தில் ரூபாய்க்கு மாதம் இத்தனை பை என்றே பேசினர். ரூபாய்க்கு 16 அணா; அணாவுக்கு 12 பை. மாதம் ஒரு பை வீதம் பன்னிரண்டு மாதத்தில் ஓர் அணா சேரும். ஆகவே நூறு ரூபாய்க்கு நூறு அணா, அதாவது 6 ரூபாய் 4 அணா. இதுவே நூற்றுக்கு 6¼. 1938ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அதன்பின் விவசாயிகள் வாங்கும் கடனுக்கு இந்த 6¼ வீதத் தனி வட்டியையே எல்லையாக வைத்தது. அதை ரூபாய்க்கு மாதம் ஒரு பை என்றும், ஆண்டுக்கு ஓர் அணா என்றும் விளக்கியும் எழுதியது. சட்டம் எழுதியோர் கிராமத்தார் பேச்சை அறிந்திருந்தனர் போலும்! பழைய சங்கங்கள் வாங்கிவந்த 9⅜ என்னும் விசித்திரமான வீதமும் மாதம் ஒன்றரைப் பையே அன்றி வேறன்று. 1957 ஏப்ரல் முதல் தேதியன்று தசம நாணயம் வந்தபின் அணாவும் பையும் மறைந்தன. மாத வட்டிப் பேச்சு மறையவில்லை. ஆதலின் "வட்டி" என்ற சொல்லுடன் ஓர் எண்ணைக் கேட்டவுடன் பன்னிரண்டால் பெருக்கிக்கொள்ளல் வேண்டும். மூன்று வட்டி 36. ஐந்து வட்டி 60.

வீதமும் காலமும் தெரிந்தபின்னும் ஒரு கேள்வி நிற்கிறது: வட்டி எந்தத் தொகையின்மேல் போடப்படுகிறது? 12,000 ரூபாய் வாங்கி, மாதம் 1,000 ரூபாய் அசலாகக் கட்டி ஓராண்டில் தீர்ப்பதாகக் கொள்வோம். வீதம் ஆண்டுக்கு 12. முழுத் தொகைக்கும் ஆண்டு முழுவதும் வட்டி போட்டால் 1,440 ரூபாய். நிலுவையில் நிற்கும் தொகைக்கு மட்டும் மாதந்தோறும் போட்டால், முதல் மாதம் 120, அடுத்த மாதம் 110 என்று குறைந்துகொண்டே போய், மொத்தம் 780 ரூபாய்தான். வீதம் ஒன்றே, வட்டி ஏறத்தாழ இரு மடங்கு. திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் வட்டி கட்டுவது நியாயமா என்பதை அங்கத்தினர்களே சிந்திக்கலாம்.

தண்டல் கடனில் இக்குறை உச்சத்துக்குப் போகிறது. 10,000 ரூபாய் என்று பேசி, 1,000 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவர். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பத்துத்தானே" என்பது வாங்குபவரின் எண்ணம். ஆனால் கைக்கு வந்தது 9,000. அதுவும் நாள்தோறும் கரைந்துகொண்டே போகிறது. நூறு நாளும் சராசரியாக அவரிடம் நின்ற பணம் 4,500 ரூபாய் அளவே. 4,500க்கு நூறு நாளில் 1,000 வட்டியென்றால் நூற்றுக்கு 22க்கு மேல். ஓராண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 80. தீபாவளிக்கு முன் கடைக்குச் சரக்குப் பிடிக்கவோ, மழைக்காலத்தில் பட்டாசு வேலை நின்றபோது அடுப்பெரியவோ இவ்வாறு வாங்குபவர், தாம் நூற்றுக்கு எண்பதுக்குக் கடன்பட்டதை அறிவதில்லை. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம், மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவற்றுடன் தண்டலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

கடன் கேட்கச் செல்லும் அங்கத்தினர் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்றே விஷயங்களை எழுதிக்கொண்டால் போதும்: கைக்கு வரும் தொகை, திரும்பக் கொடுக்கும் மொத்தத் தொகை, நாட்கள் அல்லது மாதங்கள். வீதத்தைப் பிறர் எவ்வாறு சொன்னாலும் இம்மூன்றும் மாறா. பத்திரத்தில் எழுதிய தொகையும் கைக்கு வந்த தொகையும் வேறுபட்டால், காரணம் கேட்டு அறிந்தபின்னரே கையெழுத்திடல் வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு கணக்கு: 15,000 ரூபாயை எட்டு மாதத்துக்கு மூன்று வட்டிக்கு வாங்குவதற்கும், ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வீதத்தில் வாங்குவதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் அசலைக் கடைசியில் ஒரே தடவையாகக் கட்டுவதாகக் கொள்க. விடை: முன்னதற்கு வட்டி 3,600 ரூபாய்; பின்னதற்கு 900 ரூபாய்; வித்தியாசம் 2,700 ரூபாய்.