கோபுரம் எழும்புமுன் தொடங்கும் வேலை

உயர்மின் கோபுரத் திட்டத்தில் வேலை கிடைத்து, கொங்குப் பக்கம் அனுப்பப்படுகிறீர்களா? வரைபடத்தோடு சட்டத்தையும் படித்துவிட்டுப் போங்கள். எதிர்ப்பைச் சமாளிக்கத் தனி அதிகாரி வருவார் என்று நம்பவேண்டாம். தோட்டத்தில் முதலில் நிற்கப்போவது நீங்கள்தான்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கேவி தடம் உட்பட, உயர்மின் கோபுரங்களை எதிர்த்து 2018 டிசம்பரில் மேற்கு மாவட்ட விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கோபத்துக்குக் காரணம் உண்டு. நிலத்தை யாரும் கையகப்படுத்துவதில்லை; பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். ஆனால் கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, விற்கப்போனால் விலை படியாது. “ஏனுங்க தம்பி, இந்தப் பூமிய நாளைக்கு பேங்க்ல வெச்சா கடன் குடுப்பாங்களா?” என்று ஒரு பெரியவர் கேட்பார். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க” என்று மழுப்பாதீர்கள். “கேட்டுச் சொல்றனுங்க” என்று நோட்டில் குறித்துக்கொண்டு, சொன்ன நாளில் திரும்பிப் போங்கள்.

இழப்பீட்டுக் கணக்கு விரல்நுனியில் இருக்கட்டும். மத்திய மின் அமைச்சகத்தின் 2015 வழிகாட்டுதலில் கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி செல்லும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் இவை 200, 30 என உயர்ந்தன. மாநில அரசு எதை ஏற்றிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறக்காதீர்கள். வேலையைத் தடுத்தால் ஆட்சியர் உத்தரவு வாங்க 1885 தந்தி சட்டம் இடம் தருகிறது. தொகை போதாதென்றால் மாவட்ட நீதிமன்றம் போகும் உரிமையை விவசாயிக்குத் தருவதும் அதே சட்டம்தான். முன்னதைச் சொல்லி மிரட்டிவிட்டுப் பின்னதை மறைப்பவரை ஊர் மறுபடி உள்ளே விடாது.

“கேரளாவுல மட்டும் பூமிக்கடியில போகுதே?” என்பார்கள். உண்மைதான்: புகளூர்–திருச்சூர் தடம் வடக்கஞ்சேரிக்கு அப்பால் கேபிளாகத்தான் போகிறது. அது 320 கேவி நேர்மின் தடம். மாறுமின் தடத்தை நெடுந்தூரம் புதைத்தால் கேபிளே மின்னோட்டத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். செலவும் மிக அதிகம். இதைத் தரவோடு சொல்லுங்கள்.

400 கேவி மாறுமின் கம்பிக்குக் கீழே டியூப் லைட்டைப் பிடித்து எரியவைத்துக் காட்டினால் சிரிக்காதீர்கள். மின்புலத்தால் அது எரியத்தான் செய்யும்.

மரக்கணக்கு எடுக்கும்போது விவசாயியைக் கூடவே நிறுத்தி எண்ணுங்கள். மகஜரில் அவர் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது. நகல் ஒன்றை அவர் கையில் கொடுத்த பிறகே அடுத்த தோட்டத்துக்கு நகருங்கள்.