நல்லவாடு ஒலிபெருக்கி தரும் பாடம்

கடலோர மக்களுக்குத் தொண்டு என்றால், திருச்சுழியில் இருக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் நம்மூர் வழியே ஓடும் குண்டாறு மூக்கையூர் அருகே கடலில்தான் போய்ச் சேர்கிறது. ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் பெண் கொடுத்து, பெண் எடுத்த குடும்பங்களும் நம்மிடையே உண்டு. ஆகவே இம்மாதப் பாடத்தைக் கடற்கரையிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்றொரு மீனவர் கிராமம். 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த வட்டாரத்துக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. அவற்றைக் கவனித்துக்கொண்டவர்கள் அந்தந்த ஊரின் தன்னார்வலர்கள். அதிலும் பெண்கள் அதிகம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, கடலோர ஊர்களில் ஒலிபெருக்கி வழியாக அறிவிப்பார்கள்.

2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர், சுமத்ரா நிலநடுக்கச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். மக்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன. சுமார் 3,600 பேர் தப்பினார்கள்.

இதைச் சொல்பவர்கள் எல்லாரும் அந்தத் தொலைபேசி அழைப்பையே பாராட்டுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் என் கணக்கில் அதற்குச் சமமான பங்கு, எந்த ஆபத்தும் இல்லாத நாட்களில் சலிக்காமல் அலை உயரம் வாசித்தவர்களுக்கு உண்டு. அந்தப் பழக்கத்தால்தான் ஒலிபெருக்கி அங்கே இருந்தது. அதிலிருந்து வரும் குரலை ஊர் நம்பியது.

இதன் மறுபக்கம் 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல். குமரி மாவட்டம் தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். கரையோரம் தாண்டினால் செல்போன் சிக்னல் கிடையாது. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகுதான், 2019இல், செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் ‘ஜெமினி’ கருவி வந்தது.

கருவி வந்தால் போதுமா? கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். இடம் சொல்வதையே பாருங்கள். 9 டிகிரி 30 நிமிடம் என்பது வேறு, 9.30 டிகிரி என்பது வேறு. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் ஆதலால், 9.30 டிகிரி என்றால் 9 டிகிரி 18 நிமிடம்தான். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். ஆக 12 கடல் மைல், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வித்தியாசம்! தேடி வரும் கப்பல் ஆளில்லாத இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பத்தாம் வகுப்பு முடித்த நம் பிள்ளை எவரும் அரை மணி நேரத்தில் இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். கப்பலோட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அதுபோல, வி.எச்.எஃப். கருவியில் 16ஆம் சேனல் ஆபத்துக்கானது. படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். கரையில் உட்கார்ந்து பத்து முறை சொல்லிப் பார்த்தவருக்குத்தான் நடுக்கத்தில் வாய் வரும். அதே நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலி காற்று, அலை நிலவரத்தைத் தமிழில் தருகிறது. சர்வதேச எல்லையை நெருங்கினால் எச்சரிக்கிறது. விடுமுறையில் உறவினர் வீட்டுக்குப் போகும் கல்லூரி மாணவர்கள், அங்குள்ள பெரியவர்களின் போனில் இதைப் பதிவேற்றி, கூடவே உட்கார்ந்து இயக்கிக் காட்டலாம். முறையாகப் பயில விரும்பும் மீனவர்களுக்குப் பூம்புகாரில் அந்நிறுவனத்தின் பயிற்சி மையம் இருக்கிறது.

இன்னொரு வேலை, காகித வேலை. யாரும் விரும்பிச் செய்யாதது. கடலில் காணாமல் போனவரின் உடல் கிடைக்காவிட்டால், இறந்ததாகச் சட்டம் கருதுவதற்குப் பொதுவாக 7 ஆண்டுகள் ஆகும். ஒக்கிக்குப் பின் தனி உத்தரவு தேவைப்பட்டது இதனால்தான். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர் விபத்துக் காப்பீடு இறப்புக்கு 5 லட்சம் ரூபாய். பெயர் பதிவாகியிருக்கிறதா, ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் ஒரே எழுத்தா, நியமனதாரர் யார் என்பதை, அவர் கரையில் இருக்கும்போதே சரிபார்த்துக் கொடுங்கள். இங்கே விண்ணப்பம் எழுதிப் பழகிய சகோதரிகளுக்கு இது கைவந்த வேலை.

கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. அதைப் பெரிய எழுத்தில் எழுதி, படகில் மட்டுமல்லாமல், காத்திருக்கும் பெண்கள் பார்க்கும் வீட்டுச் சுவரிலும் ஒட்டிவிட்டு வாருங்கள்.