தேதி கடந்த இன்சுலின்

கேள்வி: அம்மாவின் இன்சுலின் குப்பி காலாவதியாகி இரண்டு மாதம் ஆகிறது. திறக்காமல் ஃப்ரிட்ஜில்தான் இருந்தது; பார்க்கத் தெளிவாகவும் இருக்கிறது. போடலாமா?
– ஒரு வாசகி, அமரவிளை

பதில்: வேண்டாம். இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு. நாள்பட்டாலும் சூடுபட்டாலும் அதன் மூலக்கூறுகள் சிதையும், ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பழைய இன்சுலின் பெரும்பாலும் விஷமாவதில்லை, வீரியம்தான் குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. வழக்கமான அளவைப் போட்டும் சர்க்கரை ஏறும். டைப் 1 நோயாளிகளுக்கு அது கீட்டோஅசிடோசிஸ் என்ற உயிராபத்து வரை போகலாம்.

அட்டையிலுள்ள தேதி, திறக்காமல் 2 முதல் 8 டிகிரியில் வைத்த குப்பிக்கு மட்டுமே. திறந்தபின் பெரும்பாலான வகைகளுக்கு 4 வாரம்தான் கணக்கு. திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதிவையுங்கள். ஃப்ரீசரில் உறைந்தது, வெயிலில் நின்ற ஸ்கூட்டர் பெட்டியில் கிடந்தது இரண்டையும், தேதி மிச்சமிருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். தெளிவாக இருக்கவேண்டிய வகை கலங்கினாலோ, பால்நிற வகையை உருட்டியபின்னும் கட்டி நின்றாலோ அதுவும் ஆகாது.

அதற்காக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். நெய்யாற்றின்கரை அல்லது பாறசாலை அரசு மருத்துவமனையில் சீட்டைக் காட்டி இன்றே புதியது கேளுங்கள். பழையதைப் போட்டிருந்தால் சர்க்கரையைச் சோதியுங்கள். வாந்தியோ மூச்சிரைப்போ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.