ஏடும் இல்லறமும்

ஹைதராபாத் நகருக்கு மேற்கே, மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் ராமச்சந்திராபுரம். பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிற்சாலையும் அதன் குடியிருப்பும் அதற்கு அடையாளமாக விளங்குகின்றன. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கச்சிபௌலியில், 1974-இல் தொடங்கப்பட்ட ஹைதராபாத் பல்கலைக்கழகம் உள்ளது. தத்துவத்துக்கும் சம்ஸ்கிருதத்துக்கும் அங்கே தனித்தனித் துறைகள் உண்டு.

இந்தக் குடியிருப்பில் ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். கணவர் ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிறார். மனைவி சமயத் தத்துவத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறார். மேசைமீது பிரம்மசூத்திர உரை விரிந்து கிடக்கிறது. அடுப்பில் பால் காய்கிறது. கணக்கில் சந்தேகத்தோடு மகன் காத்திருக்கிறான். 'இது இன்னும் எத்தனை நாள்?' என்று கேட்கிறார் கணவர். கேட்டவரிடம் கோபம் இல்லை, களைப்பே இருந்தது. ஆயினும் கேள்வி மனத்தில் தைக்கிறது. படிப்பவர் கணவராகவும் காத்திருப்பவர் மனைவியாகவும் இருந்தாலும் கேள்வி மாறுவதில்லை.

நாட்களின் கணக்கு

இந்தக் கேள்விக்குச் சட்டத்தின் விடை ஒன்று உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டுகள். அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டுகள் பெறலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்காக ஆய்வுக் காலத்தில் 240 நாட்கள்வரை விடுப்பும் பெறலாம். பணியில் இருப்போர் பகுதிநேரமாக ஆய்வு செய்யவும் அவ்விதிகள் இடமளிக்கின்றன.

இதன் பொருள் என்ன? முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, ஆய்வேடு ஒப்படைக்கப்படும்போது ஆறாம் வகுப்பில் இருக்கக்கூடும். அதற்குள் முதிய பெற்றோரின் உடல்நிலை மாறிவிடலாம். ஆகவே, 'சில நாட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி இந்தக் காலத்தைக் கடந்துவிட இயலாது. அந்த ஆண்டுகளும் இல்லற வாழ்வின் ஆண்டுகளே. அவற்றை வாழாமல் ஒத்திவைக்க முடியாது.

உபநிடதம் காட்டும் வழி

தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில் இதற்கு நேரான பாடம் ஒன்று உள்ளது. ஒழுங்கு, வாய்மை, தவம், புலனடக்கம், மனவமைதி, வேள்வி, விருந்தோம்பல், மனிதர்க்குரிய கடமைகள், மக்கட்பேறு, சந்ததியைப் பேணுதல் என வாழ்வின் கடமைகளை அது வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொன்றைச் சொன்ன பின்பும், கற்றலையும் கற்பித்தலையும் அதனுடன் சேர்த்துச் சொல்கிறது.

அப்பகுதியின் முடிவில் மூன்று ஆசிரியர்களின் கருத்துகள் வருகின்றன. ஒருவர் வாய்மையே முதன்மை என்கிறார். மற்றொருவர் தவமே என்கிறார். நாகர் என்னும் மூன்றாமவரோ கற்றலும் கற்பித்தலுமே போதும், அவையே தவம் என்கிறார். ஆய்வில் மூழ்கியவர் மனம் இயல்பாக நாகரின் பக்கம் சாயும். ஆனால் உபநிடதம் அவர் கருத்தைப் போற்றிப் பதிவு செய்யும் அதே பாடத்தில், விருந்தினரையும் குழந்தைகளையும் நீக்கிவிடவில்லை. கல்வியை விட்டு இல்லறம் நடத்து என்றோ, இல்லறத்தை விட்டுக் கல்வி கொள் என்றோ அது சொல்லவில்லை. இரண்டையும் ஒருங்கே கொள்ளும்படி சொல்கிறது.

விளக்கேற்றிய பாமதி

மிதிலையின் பேரறிஞர் வாசஸ்பதி மிசிரர், ஆதிசங்கரரின் பிரம்மசூத்திர பாஷ்யத்துக்கு விளக்கவுரை எழுதினார். அவருடைய மனைவியைப் பற்றி மரபு ஒரு கதை கூறுகிறது. ஆண்டுக்கணக்கில் எழுத்திலேயே ஆழ்ந்திருந்த அவர், நாள்தோறும் தமக்கு விளக்கேற்றி வைத்தவர் யாரென்றும் கவனிக்கவில்லை. நூல் நிறைவுற்றபோது நிமிர்ந்து பார்த்து, 'நீ யார்?' என்று வினவினார். தம் மனைவி என அறிந்தபோது உள்ளம் உருகி, அந்த உரைக்கு அவர் பெயரையே சூட்டினார். 'பாமதி' என்னும் அப்பெயர், அத்வைத வேதாந்தத்தின் ஒரு மரபுக்கே பெயராக நிலைத்துவிட்டது.

இக்கதை பெரும்பாலும் பாமதியின் தியாகத்துக்காகச் சொல்லப்படுகிறது. அதில் மற்றொரு பாடமும் இருக்கிறது. 'நான் யார்' என்னும் விசாரத்துக்கு உரை எழுதியவர், 'நீ யார்' என்று கேட்க அத்தனை ஆண்டுகள் ஆயின. நூலுக்குப் பெயர் சூட்டியது உயர்ந்த நன்றியே. ஆனால் கடந்துபோன இளமையை அந்த நன்றி மீட்டுத் தராது. இன்றைய ஆய்வேடுகளிலும் நன்றியுரையில் துணைவருக்கு ஒரு வரி இடம்பெறுகிறது. அந்த வரியை இறுதி நாள்வரை காத்திருக்க வைக்காமல் ஒவ்வொரு மாலையும் சொல்லிவிடுவதே பாமதியின் கதையைச் சரியாகக் கற்றதன் அடையாளம்.

அறிவிலும் பங்கு

பிரகதாரண்யக உபநிடதத்தில், துறவு பூணப் புறப்படும் யாக்ஞவல்கியர் தம் செல்வத்தை மனைவியர் இருவருக்கும் பிரித்தளிக்க முன்வருகிறார். மைத்ரேயி செல்வத்தை வேண்டவில்லை. அவர் அறிந்ததைத் தமக்கும் கூறும்படி வேண்டுகிறார். 'இது உனக்கு விளங்காது' என்று முனிவர் ஒதுக்கவில்லை. அருகில் அமர்த்தி விளக்குகிறார். மைத்ரேயிக்கு ஓரிடத்தில் குழப்பம் ஏற்பட்டபோது பொறுமையுடன் மேலும் தெளிவுபடுத்துகிறார்.

ஆய்வு செய்பவர் இதிலிருந்து ஒன்றைக் கற்கலாம். அன்று படித்ததைப் பத்து நிமிடம், கலைச்சொற்கள் இன்றி, துணைவரிடம் சொல்ல வேண்டும். அப்போது காத்திருப்பவர் வெளியே நிற்பவராக இருக்கமாட்டார். எளிய மொழியில் சொல்ல முடியாத கருத்து தமக்கே முழுமையாகத் தெளியவில்லை என்பதையும் ஆய்வாளர் உணர்வார்.

நடைமுறைக்குச் சில

முதலாவது, படிக்கும் நேரத்தை இருவரும் கூடி வரையறுப்பது நல்லது. வரையறுத்த நேரத்தில் இடையூறு செய்யாதிருப்பது ஒருவர் கடமை. அந்த நேரம் முடிந்ததும் ஏட்டை மூடுவது மற்றவர் கடமை. இரண்டாவது, வீட்டு வேலைகளில் யாருக்கு எது என்பதை வெளிப்படையாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். பேசப்படாத சுமையே மனத்தாங்கலாக வளர்கிறது. மூன்றாவது, உதவித்தொகை எக்காலம்வரை கிடைக்கும், நின்ற பின் செலவுகளை எவ்வாறு சமாளிப்பது என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

நான்காவது, சமயத்தை ஆராய்பவருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. மாமியார் பூஜையறையில் ஏற்றும் விளக்கும், பக்கத்து வீட்டார் இருக்கும் விரதமும் ஆய்வுப் பொருளாக மட்டுமே தோன்றத் தொடங்கினால், அறிவு அகந்தையாகத் திரிகிறது. பிறர் நம்பிக்கையை ஏட்டில் மதிப்போடு எழுதுபவர், வீட்டில் அதை ஏளனம் செய்தால் அந்த ஆய்வு பலன் தந்ததாகாது.

பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். கற்றது உள்ளத்தில் இறங்கியதா என்பதை அறிய இல்லமே ஏற்ற இடம். பால் பொங்கும்போது எழுந்து அடுப்பை அணைப்பதும், மகனின் கணக்கைப் பொறுமையாகப் பார்ப்பதும் ஆய்வுக்கு இடையூறுகள் அல்ல. உபநிடதம் கல்வியோடு இணைத்துச் சொன்ன கடமைகளே அவை. 'இன்னும் எத்தனை நாள்?' என்று துணைவர் கேட்கும்போது ஆண்டுக் கணக்கை மட்டும் விடையாகத் தராமல், ஏட்டிலிருந்து கண்ணை உயர்த்தி அவர் முகத்தைப் பார்த்துப் பேசுபவரே, கற்றலையும் இல்லறத்தையும் ஒரே சாதனையாக்கியவர்.