ஈயம் போன பின்

பேராவில் ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், நிலத்தைச் சீரமைக்கையில் பழைய கட்டடங்களை என்ன செய்வது? தஞ்சோங் மாலிமில் ஆசிரியப் பயிற்சி பெறும் நம்மில் பலர் இம்மாநிலப் பள்ளிகளுக்கே செல்வோம் என்பதால் இக்கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

பத்து காஜா அருகிலுள்ள தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பல் 1938-இல் கட்டப்பட்டது. 1982 வரை உழைத்தது. எடை 4,500 டன். அங்கே கவலை துருவும், மிதவைக்குள் புகும் நீரும்தான்.

ஈயம் பிரிக்கும் கொட்டகைகள் வேறு வகை. எஞ்சும் கனமணலை 'அமாங்' என்பர். அதிலுள்ள மோனசைட்டில் தோரியம் உண்டு. உத்திரத்தில் படிந்த தூசியும் கதிர் வீசலாம். ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982-இல் தொடங்கிய அரிய மண் ஆலை இந்த மோனசைட்டைத்தான் பதப்படுத்தியது. 1985-இல் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு தள்ளுபடியானது. ஆயினும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. பின்னர் கட்டடங்கள் இடிக்கப்பட்டு, கழிவு கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கப்பட்டது. தோரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்!

பழைய கொட்டகை ஒன்றைக் காட்சியகமாக்க எவரேனும் முன்வந்தால், அதன் வயதை நான் பிறகுதான் கேட்பேன். முதலில் கதிரளவு அறிக்கை, அடுத்து கூரை ஆஸ்பெஸ்டாஸா என்ற விவரம்.