தக்கையும் டிரவுட் மீனும்

சென்ற கோடை விடுமுறையில், உரிமச்சீட்டுப் பெற்று, குலு மாவட்டத்துத் தீர்த்தன் ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்கச் சென்றேன். அங்கே கற்ற பாடம் ஒன்று.

ஆற்றடியில் வாழும் பூச்சிக் குஞ்சுகள் டிரவுட்டுக்கு விருப்பமான உணவு. அவற்றைப் போல நூலும் இறகும் சுற்றிய தூண்டிலை ‘நிம்ஃப்’ என்பர். மீன் அதைக் கவ்வும். பொய்யென உணர்ந்தால் நொடியில் உமிழ்ந்துவிடும். நீருக்குள் நிகழும் இதை நமக்கு அறிவிப்பது நரம்பில் கட்டிய தக்கையே.

முதல் நாள் நெல்லிக்காயளவு தக்கை கட்டினேன். தெளிந்த மடுவில் ‘தொப்’பென விழுந்தது, மீன்கள் சிதறின. கவ்வியிருந்தாலும் அது அசைந்திராது! மாலையில் வெறுங்கையுடன் திரும்பினேன்.

மறுநாள் மெழுகு தடவிய சிறு கம்பளித் துணுக்கைக் கட்டினேன். ஓசையின்றி இறங்கியது. சற்றே தயங்கியது. கோலை உயர்த்தினேன், மீன்!

தூண்டிலைத் தாங்கும் தக்கைகளுள் மிகச் சிறியதே சிறந்தது. அமைதியான நீருக்குக் கம்பளி. நுரைத்தோடும் நீருக்கும் கனத்த தூண்டிலுக்கும் பருத்த தக்கை. தூண்டிலிலிருந்து, நீரின் ஆழத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தொலைவில் கட்டுக. அடிநீர் மெதுவாக ஓடும். ஆதலால் தக்கை மேல்நுரைக்குச் சற்றுப் பின்தங்கினால் தூண்டில் சரியான ஆழத்தில் செல்கிறது எனலாம். நின்றாலோ, அமிழ்ந்தாலோ, ஐயுறாது கோலை உயர்த்துக!