மண்ணும் கிணற்று நீரும் முந்திரிகை இரசமும்

விவசாயப் பாடம்

நூல்களில் திராட்சை என்று எழுதப்படும் கனியை நாம் முந்திரிகை என்றே அழைத்து வருகிறோம். கிணற்றடியில் ஒரு கொடி, வளவில் ஒரு பந்தல் என்று குடாநாட்டில் பல குடும்பங்கள் இதனை வளர்த்து வந்தன. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் வெளியேறியபோது அந்தப் பந்தல்களும் கைவிடப்பட்டன. 2009 ஆம் ஆண்டின் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மீண்டும் முந்திரிகை வைப்பதா, எங்கே வைப்பது, எப்போது கத்தரிப்பது என்று சிந்திக்கும் குடும்பங்களுக்காக இப்பாடம் எழுதப்படுகிறது.

முந்திரிகை இரசம் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது தோலகட்டி ஆச்சிரமம். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் 1928 இல் அங்கே செபமாலைத்தாசர் சபையைத் தொடங்கினார். செபமும் கடின உழைப்பும் அத்துறவிகளின் வாழ்க்கை. அவர்களின் நெல்லி இரசமும் முந்திரிகை இரசமும் குடாநாடெங்கும் அறியப்பட்டவை. போர்க்காலத்தில் அவர்களும் இடம்பெயர நேர்ந்தது. இந்த மண்ணில் முந்திரிகை விளையும், அதிலிருந்து இரசமும் செய்யலாம் என்பதற்கு அவர்களின் உழைப்பே சாட்சி. ஆனால் எல்லாக் காணியிலும் எல்லாக் காலத்திலும் ஒரே தரமான கனி கிடைப்பதில்லை. அதன் காரணத்தைப் பார்ப்போம்.

1. கனியில் இருப்பதே இரசத்தில் வரும்

கறுத்த முந்திரிகையைப் பிழிந்தால் பெரும்பாலும் நிறமற்ற சாறே வரும். சிவப்பு நிறம் தோலில் இருக்கிறது. தோலோடு சேர்த்து நொதிக்க விடும்போது நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்குகின்றன. இதுவே செந்நிற இரசம்.

நொதிக்கும்போது மதுவம் எனப்படும் நுண்ணுயிர் கனியின் சீனியை மதுசாரமாக மாற்றுகிறது. ஒரு லீற்றர் சாற்றில் உள்ள ஏறக்குறைய 17 கிராம் சீனி 1 வீத மதுசாரத்தைத் தரும். சாற்றில் 200 கிராம் சீனி இருந்தால் 11 வீதத்துக்கு மேல் வரும். 150 கிராம் மட்டும் இருந்தால் 9 வீதத்தையும் எட்டாது. மதுசாரமும் புளிப்பும் குறைந்த இரசம் விரைவில் கெட்டு வினாகிரியாகும்.

திருப்பலிக்குரிய இரசம் முந்திரிகைக் கனியிலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 924 ஆம் இலக்கம் கூறுகிறது. ஆகவே சீனி, புளிப்பு, நிறம் ஆகிய மூன்றும் தோட்டத்திலேயே கனியில் சேரவேண்டும். பின்னர் பீப்பாயில் அவற்றைச் சரிசெய்வது கடினம்.

2. நமது செம்மண்

தெல்லிப்பழை, அச்சுவேலி, கோப்பாய், உரும்பிராய்ப் பக்கங்களில் சுண்ணாம்புக்கல்லின் மேல் செம்மண் படர்ந்திருக்கிறது. சில இடங்களில் மண் பல அடி ஆழம். சில இடங்களில் மண்வெட்டி உடனே கல்லில் தட்டும். இந்த மண்ணில் நீர் தேங்காது. முந்திரிகை வேருக்கு அது மிக நல்லது. ஆனால் நீரையும் பசளையையும் நெடுநாள் பிடித்து வைக்காது. எனவே மாட்டெருவும் இலைகுழையும் இட்டு மண்ணை வளப்படுத்துவது அவசியம். நம் முன்னோர் பூவரசங்குழை தாழ்த்ததும் இதற்காகவே.

கல் மேலாக உள்ள இடத்தில் சுண்ணாம்பு மிகும். அங்கே கொடி இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் திணறும். இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் இக்குறைபாடே என்று அறியலாம். அடுப்புச் சாம்பலை அங்கே அளவுக்கு மிஞ்சிக் கொட்டக் கூடாது. சாம்பல் மண்ணின் காரத்தன்மையை மேலும் கூட்டும். அதிலுள்ள பொற்றாசியம் கனிக்குள் மிகுதியாகச் சேர்ந்தால் புளிப்பைக் குறைத்துவிடும். அத்தகைய இரசம் நிறம் மங்கி, சப்பென்று இருக்கும்.

3. கிணற்று நீர்

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கடல் நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நாம் அறிவோம். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. நீர்ப்பம்பியால் அளவுக்கு மிஞ்சி இறைத்து நன்னீர் மட்டம் 1 அடி நிரந்தரமாகத் தாழ்ந்தால், கீழிருக்கும் உவர் காலப்போக்கில் 40 அடி மேலெழும்பும்.

முந்திரிகை உவரை ஓரளவே தாங்கும். மண்ணின் உவரைக் காட்டும் மின்கடத்துதிறன் 1.5 டெசிசீமென்சைத் தாண்டியதும் விளைச்சல் குறையத் தொடங்கும். பாய்ச்சும் நீரில் அது 1 ஐத் தாண்டாதிருப்பது நல்லது. இலை ஓரம் கருகுவது உவரின் அடையாளம்.

இன்னொரு கேடும் உண்டு. பல ஆண்டுகள் யூரியா இட்டதாலும் மலசலகூடக் குழிகளாலும் நம் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இந்நீரைப் பாய்ச்சும்போது, நாம் பசளை இடாவிட்டாலும் கொடிக்கு நைதரசன் போய்ச் சேருகிறது. கொடி மதர்த்து இலை மண்டும். குலைகள் நிழலில் மறைந்து நிறமும் சீனியும் குறையும். ஆகவே நீரைச் சோதித்த பின்னரே பசளையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

4. மாரியும் கோடையும்

பிரான்ஸ் போன்ற குளிர் நாடுகளில் முந்திரிகை குளிர்காலத்தில் உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். நம் நாட்டில் கொடிக்கு உறக்கம் இல்லை. கத்தரித்தலே அதனைப் பூக்க வைக்கிறது. எனவே கனி எந்தக் காலத்தில் பழுக்க வேண்டும் என்பதை நாமே தெரிவு செய்யலாம். கமக்காரனின் கையில் உள்ள பெரிய ஆயுதம் இதுவே.

குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் விழுகிறது. அம்மழையில் தளிர்த்தால் பங்கசு நோய் இலையையும் பூவையும் அழிக்கும். அம்மழையில் பழுத்தால் கனி வெடித்து, சாறு நீர்த்துவிடும்.

கத்தரித்ததிலிருந்து அறுவடைக்கு, இனத்தைப் பொறுத்து, மூன்றரை மாதமளவு செல்லும். பெருமழை ஓய்ந்து மார்கழியில் கத்தரித்தால் மாசியில் கனி நிறம் மாறத் தொடங்கி, பங்குனிக் கடைசியில் பழுக்கும். தை, மாசி இரவுகள் குளிர்ச்சியானவை. இரவு குளிர்ந்தால் தோலில் நிறம் நன்கு ஏறும். புளிப்பும் எரிந்து போகாது. வைகாசிக் கடைசியில் கத்தரித்தால் புரட்டாதியில், மாரிக்கு முன்னர், அறுக்கலாம். சோளகக் காற்றும் வெயிலும் சீனியைக் கூட்டும். ஆனால் வெப்பமான இரவுகளில் புளிப்புக் குறையும், நிறமும் மங்கும். ஆகவே செந்நிற இரசத்துக்குப் பங்குனி விளைச்சலும், சந்தைக்கும் சாற்றுக்கும் புரட்டாதி விளைச்சலும் பொருத்தமாகும்.

5. கம்பத்திலிருந்து ஒரு பாடம்

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள பன்னீர்த் திராட்சை 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹம்பர்க் என்ற இந்த இனத்தைப் பிரெஞ்சுக் குரு ஒருவர் 1832 இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று கூறுவர். அங்கே ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். அவர்களுக்கு மலையடிவார மண்ணும், முல்லைப் பெரியாற்று நீரும் உண்டு. நமக்குச் சுண்ணாம்புக்கல்லும் கிணறும். அவர்களின் கத்தரிக்கும் முறையை நாம் கற்கலாம். அவர்களின் நீர் அளவையும் பசளை அளவையும் அப்படியே எடுத்து வந்தால் நம் கிணறு தாங்காது.

6. காணிக்குத் திரும்புமுன்னும் பின்னும்

முதலாவது, கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று அறிவிக்கப்படாத காணியில் மண்வெட்டி வைக்காதீர்கள்.

இரண்டாவது, கைவிடப்பட்ட கிணற்றைச் சிறிது சிறிதாக இறைத்துத் துப்புரவாக்குங்கள். தையில் ஒருமுறையும் புரட்டாதியில் ஒருமுறையும் நீரைச் சோதனைக்குக் கொடுங்கள். மழை முடிந்தபின் நன்றாக இருக்கும் கிணறு கோடைக் கடைசியில் உவர்க்கலாம். விவசாயப் போதனாசிரியர் இதற்கு வழிகாட்டுவார்.

மூன்றாவது, 10 அடிக்கு 10 அடி இடைவெளியில் ஒரு பரப்புக் காணிக்கு 27 கன்றுகள் போதும். முதலில் நான்கைந்து கொடிகளை வைத்து, இரண்டு விளைச்சல் பார்த்த பின்னர் பெருக்குங்கள்.

நான்காவது, கொடி ஒன்றரை ஆண்டளவில் காய்க்கத் தொடங்கி நெடுங்காலம் பயன் தரும். பந்தலுக்கும் செலவு அதிகம். ஆகவே எழுத்தில் உறுதியில்லாத குத்தகைக் காணியில் பணத்தைப் புதைக்காதீர்கள். சொந்தக் காணி இன்னும் கிடைக்காதவர்கள் நல்ல கொடியின் முதிர்ந்த தண்டுகளைப் பைகளில் வேர்விடச் செய்து, இரண்டொரு கொடிகளையாவது காத்து வாருங்கள். பந்தலைத் தூக்கிச் செல்ல முடியாது. தண்டை எடுத்துச் செல்லலாம்.

ஐந்தாவது, அனுமதிப்பத்திரம் இன்றி மதுசாரமுள்ள இரசம் தயாரிப்பது மதுவரிச் சட்டப்படி குற்றம். மதுவால் நொந்த குடும்பங்கள் நம்மிடையே பல என்பதையும் மறவோம். நம் குடும்பங்களுக்கு உகந்தது தரமான கனியை விளைவித்து விற்பதும், நொதிக்காத சாறு தயாரிப்பதுமே.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் காணியில் எத்தனை அடி ஆழத்தில் கல் தட்டுகிறது? கிணறு எந்த மாதத்தில் உவர்க்கத் தொடங்குகிறது? அயலவருடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.
2. ஒரே நீர்ப்படையில் இறைக்கும் அயற் குடும்பங்கள் இறைப்பு நேரத்தைப் பகிர்ந்துகொள்ள என்ன ஒழுங்கு செய்யலாம்?
3. உங்கள் ஊரின் பழைய முந்திரிகைக் கொடிகளில் எவை இன்னும் உயிரோடு உள்ளன? அவற்றின் தண்டுகளை யார் பொறுப்பேற்று வளர்ப்பது?
4. யோவான் நற்செய்தி 15 ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கனி தரும் கொடியையும் தோட்டக்காரர் கத்தரிப்பது ஏன் என்பதை உங்கள் தோட்ட அனுபவத்தோடு சேர்த்துச் சிந்தியுங்கள்.